பைபர் போட்டுக்குப் பவுடர் எதற்கு?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை அண்ணன்கள் கேட்டபோது, காதல், தேர்வு, நாட்டுப்பற்று, வேலையில்லாத் திண்டாட்டம் என்று நாலு தலைப்பையும் அவர்களே சொன்னார்கள். நாலும் நல்ல தலைப்புதான். ஆனால் அந்த நாலில் எதைப் பற்றியும் புதுசாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது பைபர் போட்டு. அதன் தோலைப் பற்றி எழுதுகிறேன். "போட்டுக்கு ஏதுடா தோலு?" என்று சிரிக்கிறவர்கள் இரண்டு பக்கம் பொறுத்துப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைபர் போட்டைக் கழுவி, பாலிஷ் பிடித்து, மெழுகு போடுவது பணக்காரர்களின் ஆடம்பரம் என்று எங்கள் கரையில் நினைக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பணக்காரன் போட்டு மங்கிப் போனால் வேறு வாங்கிக்கொள்வான். கடன் வாங்கி, நகை வைத்து, குழுவில் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிய போட்டுக்குத்தான் மெழுகு அவசியம்.

நான் கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருவன்தான். அப்பா இன்றைக்கும் கைநாட்டு. ஆனால் காற்று கொண்டலா வாடையா என்று பாயில் படுத்தபடியே சொல்லிவிடுவார். அவரிடம் முதன்முதலில் மெழுகுப் பேச்சை எடுத்தபோது சொன்னார்: "கடலுக்குப் போற போட்டுக்குப் பவுடர் அடிக்கச் சொல்றியாடா? அது என்ன கல்யாணப் பொண்ணா?" தலைப்பு அவர் கொடுத்ததுதான்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. பைபர் எங்கள் கரைக்கு வந்த விதம் அப்படி. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில், அலை உடைகிற கரையில் ஏற்றி இறக்கக்கூடிய படகுகளை பைபரிலும் செய்து பார்த்தார்கள். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் கட்டுமரம்தான். பிறகு 2004 டிசம்பர் 26. அந்த நாளைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. நான் பிறப்பதற்கு முன் நடந்தது, ஆனால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு படம் மாட்டியிருக்கும். கட்டுமரங்கள் போயின. நிவாரணமாக பைபர் போட்டுகள் வந்து இறங்கின. அவசர அவசரமாகக் கட்டியவை அவற்றில் எத்தனையோ. கொடுத்தவர்களும் சரி, பிறகு விற்க வந்தவர்களும் சரி, ஒரே வார்த்தையைச் சொன்னார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்: "இது மரம் இல்லை, உளுக்காது, பூச்சி அரிக்காது, மெயின்டனன்ஸே கிடையாது."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் எங்கள் ஊர் ஏமாந்தது.

எங்கள் தாத்தா காலத்தில் மரத்தைப் பராமரிக்காமல் யாரும் விட்டதில்லை. கட்டுமரத்தைக் கரைக்கு ஏற்றியதும் கயிற்றை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் காய வைப்பார்கள். தண்ணீர் குடித்த மரம் மிதக்காது. பலகைப் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், மீன் எண்ணெய் பூசுவார்கள். முந்திரிக்குப் பஞ்சமா? பக்கத்திலேயே பண்ருட்டி. அந்த எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துபோகும், அப்படியும் பூசினார்கள். அவர்களிடம் போய் "படகுக்குப் பவுடர் அடிக்கிறியா?" என்று யாரும் கேட்டதில்லை. பைபர் வந்ததும் அந்தப் பழக்கம் நின்றுபோனது. ஆக, மெழுகு போடுவது வெளிநாட்டுப் பழக்கம் என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் தாத்தாவை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

சரி, தோல் என்று எதைச் சொல்கிறேன்? போன கோடை விடுமுறையில் ஒரு போட்டு கட்டும் யார்டில் கூலிக்கு நின்றேன். அங்கே பார்த்ததுதான் என் கண்ணைத் திறந்தது. போட்டுக்கு முதலில் மோல்டு. அந்த மோல்டின் உள்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, அதன் மேல் மெழுகு. ஒரு தடவை இல்லை, பல தடவை. போட்டு, காய விட்டு, துடைத்து, மறுபடி போட்டு. அப்புறம்தான் ஜெல்கோட் என்கிற நிறம் கலந்த ரெசினை அடிக்கிறார்கள். அது இறுகி வரும்போது கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழை நசுக்கி, மேலே இன்னொரு பாய், இன்னொரு ரெசின். எல்லாம் இறுகியதும் மோல்டிலிருந்து உரித்தால் பளபளவென்று போட்டு வெளியே வருகிறது. முதலில் அடித்தது வெளித்தோலாக நிற்கிறது. நாம் பார்க்கும் பளபளப்பு போட்டினுடையது இல்லை, மோல்டுக்குப் போட்ட மெழுகும் பாலிஷும் கொடுத்தது. மெழுகில்லாமல் பைபர் போட்டு பிறக்கவே முடியாது. பிறந்த பிறகு மட்டும் அது ஆடம்பரமாகிவிடுமா?

அந்த ஜெல்கோட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இரண்டு போஸ்ட் கார்டைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற கண்ணாடி இழைக்கும் வெளியே இருக்கிற கடலுக்கும் நடுவில் நிற்பது அது ஒன்றுதான்.

இதை வெயில் தின்கிறது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு ஜெல்கோட்டின் மேற்பரப்பு சிதைந்து, சுண்ணாம்பு மாதிரி மாவாகிறது. கரையில் நிற்கிற ஏதாவது பழைய போட்டில் கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், உள்ளங்கையில் ஒட்டும். நீலமும் சிவப்பும் சீக்கிரம் வெளுத்துத் தெரியும். வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது. மாவானால் என்ன, மீன் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். மங்கியதால் மட்டும் எந்தப் போட்டும் முழுகியதில்லை. ஆனால் மாவாகிப் போன இடம் சொரசொரப்பாகிறது. அந்தச் சொரசொரப்பில் மீன் செதிளும் ரத்தமும் கரியும் ஒட்டிக்கொள்கிறது. சும்மா தண்ணீர் ஊற்றினால் போகாது. உடனே நாம் என்ன செய்கிறோம்? சலவைத் தூளைக் கொட்டி, தென்னை நாரில் மணலைத் தொட்டு, கை வலிக்கத் தேய்க்கிறோம். அழுக்கோடு தோலும் போகிறது. அடுத்த தடவை அழுக்கு இன்னும் கெட்டியாக ஒட்டுகிறது, இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். இப்படியே போனால் ஒருநாள் கண்ணாடி இழை வெளியே தெரியும். அது தெரிந்த இடத்தில் தண்ணீர் இழை வழியாகவே உள்ளே இறங்கும்.

இன்னொரு பழக்கம், மாசி மகத்துக்கு முன்னால் எனாமல் பெயின்ட் அடிப்பது. சாமி கடலாட வரும்போது போட்டு புதுசாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் மாவின் மேல் அடித்த பெயின்ட் மாவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும், போட்டை இல்லை. ஆடிக்குள் அப்பளம் மாதிரி உரிகிறது. சிலர் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைக்கிறார்கள். அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் தூசி அப்பிக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இதைவிடக் கஷ்டமில்லை. நம் ஒர்க்ஷாப்பில் ஜாப்பை அரத்தில் ராவி, பிறகு முரட்டு எமரி, பிறகு நைஸ் எமரி என்று போகிறோமே, அதே வரிசைதான். முதலில் நல்ல தண்ணீர். உப்பு போகிற வரைக்கும் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீரில் கழுவுவது கழுவுவதே இல்லை. பிறகு காரம் குறைந்த சோப்பு, பஞ்சோ துணியோ. இரும்பு நார் கூடாது, அதன் துணுக்கு தங்கித் துருப்பிடித்துப் போட்டெங்கும் காவிப்புள்ளி வைக்கும். ஏற்கெனவே துருக்கறை இருந்தால் ஆக்சாலிக் ஆசிடைத் தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு அந்த இடத்தில் மட்டும் தடவி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போகும். இவ்வளவில் பளபளப்பு வந்துவிட்டால் அடுத்த படி தேவையே இல்லை, நேராக மெழுகுக்குப் போகலாம். மாவு இருந்தால் மட்டும் ரப்பிங் காம்பவுண்ட்: முதலில் கொஞ்சம் முரடு, பிறகு நைஸ். மாவு ஆழமாக இருந்தால் அதற்கும் முன்னால் 800, 1000, 1200 என்று தண்ணீர் பேப்பர், தண்ணீர் விட்டுக்கொண்டேதான். காய்ந்த தேய்ப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தத் தூள் மூக்கில் போனால் நுரையீரலுக்குக் கேடு, உடம்பில் பட்டால் ராத்திரி தூக்கம் கிடையாது, அப்படி அரிக்கும். யார்டில் என் வயதுப் பையன்கள் சட்டை கூடப் போடாமல் மூக்கில் துணி கூடக் கட்டாமல் கிரைண்டர் பிடித்ததைப் பார்த்தேன். முகமூடி கேட்டதற்கு, "ரெண்டு நாள்ல பழகிடும்" என்று பதில் வந்தது. பழகுவது அரிப்பு மட்டும்தான், நுரையீரல் பழகாது.

மெஷினில் பாலிஷ் பிடிக்கிறவர்கள் சக்கரத்தை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. சூட்டில் ஜெல்கோட் கருகும். இரண்டடிக்கு இரண்டடி என்று சின்னச் சின்னதாக எடுத்துக்கொண்டு போகணும். முடிந்ததும் மறுபடி கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, மெழுகு. மெல்லிசாகத் தடவி, புகை படிந்த மாதிரி வெளுத்ததும் வேறு துணியால் துடைத்து எடுக்கணும். கனமாக ஒரு தடவை அப்புவதைவிட மெல்லிசாக இரண்டு தடவை நல்லது. உச்சி வெயிலில் செய்தால் மெழுகு அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். காலையில், நிழலில்.

கடையில் விற்கிற நல்ல மெழுகில் கார்னோபா என்று ஒன்று சேர்ந்திருக்கும். அது பிரேசில் நாட்டு வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. மழையில்லாக் காலத்தில் ஓலையின் ஈரம் ஆவியாகாமல் இருக்க அந்த மரம் தனக்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. தாமரை இலையில் தண்ணீர் முத்து மாதிரி உருளுவதற்கும் இலை மேல் இருக்கிற மெழுகு ஒரு காரணம். மரத்துக்கும் இலைக்கும் தெரிந்தது நமக்கு ஆடம்பரமாகத் தெரிகிறது! சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் விலை குறைவு, பளபளப்பும் கூடுதல். ஆனால் நாளைக்கு அடிபட்ட இடத்தில் ஒட்டுப் போடவோ பெயின்ட் அடிக்கவோ போனால் அது ஒட்ட விடாது. எந்த மெழுகாக இருந்தாலும் ஒட்டுப் போடும் முன் சுத்தமாக எடுத்துவிடணும். பதிவெண்ணையும் பேரையும் மெழுகுக்கு முன்னாலேயே எழுதிக்கொள்ளணும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் கட்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. காம்பவுண்ட் வேறு, மெழுகு வேறு. காம்பவுண்ட் தோலைச் சீவி எடுத்துப் பளபளப்பைக் கொடுக்கிறது. இருப்பது அரை மில்லிமீட்டர். வருஷா வருஷம் சீவினால் எத்தனை நாளைக்கு வரும்? அது முதலை எடுத்துச் செலவு செய்கிற மாதிரி. மெழுகு எதையும் எடுப்பதில்லை, மேலே உட்கார்ந்துகொள்கிறது. வெயிலை முழுசாகத் தடுக்காது, அது உண்மை. ஆனால் உப்பும் அழுக்கும் முதலில் மெழுகைத்தான் தின்னும், தோலுக்கு அப்புறம்தான் வரும். சுருக்கமாகச் சொன்னால், மெழுகு போடுவதே காம்பவுண்ட் பிடிக்கிற நாளைத் தள்ளிப் போடத்தான். பளபளப்பு கூடவே வருகிற கொசுறு.

எங்கும் பூசிவிடவும் கூடாது. அடிப்பாகத்தில் மெழுகு வீண்; தினமும் மணலில் இழுக்கிறோம், இரண்டு நாளில் போய்விடும். தண்ணீரிலேயே கட்டிப் போட்டிருக்கிற போட்டு என்றால் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காத பெயின்ட் அடிப்பார்கள், அதற்கும் மெழுகு ஆகாது. அப்பா கேட்ட கேள்வி இன்னும் நல்ல கேள்வி: "அலையில தாவி ஏறும்போது கை வழுக்கினா என்ன ஆவறது?" நியாயம். கால் வைக்கிற தளத்திலும், கை பிடிக்கிற விளிம்பிலும், வலை இழுக்க நிற்கிற இடத்திலும் மெழுகு படவே கூடாது. யாட் கிளப் பளபளப்பு நமக்கு வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றைக்கும் இருக்கிறது. அவர்களுக்குப் பாய்மரப் போட்டு விளையாட்டு. எங்களுக்கு வெளிப்பக்கம் இரண்டும், அணியமும், இன்ஜின் இருக்கிற பின்பக்கமும் போதும்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை. பொங்கல் விடுமுறையில் அண்ணனும் நானும் எங்கள் போட்டில் செய்து பார்த்தோம். வாங்கின டப்பா ஒரு பக்கத்துக்குத்தான் காணும் போலிருந்தது, அதனால் இடது பக்கம் மட்டும் போட்டோம். ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஒரே போட்டு, ஒரே வெயில், ஒரே கடல்; லேபில் வைத்த மாதிரி சோதனை! மாசி முழுக்க இடது பக்கத்தில் செதிள் ஒரு வாளித் தண்ணீரில் போனது. வலது பக்கத்துக்கு நார் வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் மெழுகு அடங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் முத்தாக உருளாமல் பரவியது. மூன்று மாதம் கூட முழுசாக நிற்கவில்லை. ஒரு தடவை போட்டால் வருஷம் பூரா நிற்கும் என்று டப்பாவில் எழுதியிருந்ததை நம்பாதீர்கள், அது குளிர் நாட்டுக் கணக்காக இருக்கலாம். நம் வெயிலுக்கு வருஷத்தில் மூன்று தடவையாவது வேண்டும்.

நேரம் எங்கே என்பார்கள். இது நிஜமான கஷ்டம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. அந்த நாளில் அவர்கள் படகை ஏற்றிப் பழுது பார்த்து வர்ணம் அடிக்கிறார்கள். பைபர் போட்டுக்கு அந்த ஓய்வு கிடையாது, அந்த இரண்டு மாதத்தில்தான் எங்களுக்குக் கொஞ்சம் விலையும் கிடைக்கும், விட முடியாது. மெழுகு மட்டும் என்றால் இரண்டு பேருக்கு ஒரு காலைப்பொழுது போதும். கோயில் காரியத்துக்காகக் கடலுக்குப் போகாத நாள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது.

இவ்வளவு மல்லுக்கட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கரையின் தெற்கு ஓரத்தில் செத்த பைபர் போட்டுகள் கிடக்கின்றன. கட்டுமரம் உயிரை விட்டால் அடுப்புக்காவது ஆகும். பிளாஸ்டிக் குடம் உடைந்தால் காயலான் கடையில் உருக்க எடுத்துக்கொள்வான். பைபரில் இருக்கிற ரெசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. நமக்கு மெட்டீரியல் பாடத்தில் வந்ததுதான். விற்கவும் முடியாது, எரித்தால் ஊரே மூச்சுத் திணறும். நண்டுக்கு வீடாகக் கிடக்கிறது. அதில் சில போட்டுகளுக்கு இன்னும் கடன் அடைபடவில்லை. போட்டு கரையில் கிடக்கிறது, வட்டி மட்டும் கடலுக்குப் போய்வருகிறது. நல்ல தண்ணீரும் ஒரு டப்பா மெழுகும் இருந்திருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கல்லில் மோதியது உண்டு, ஆரம்பத்திலேயே பாய் குறைத்துக் கட்டியது உண்டு. தோல் போய்ச் செத்ததும் உண்டு. அது தடுக்கக்கூடியது, அதனால்தான் வயிறு எரிகிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன், "துணியை வெச்சுத் தொடைக்கிறதுக்கு டிப்ளமோ எதுக்குடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் பதில் இருக்கிறது. எவ்வளவு தேய்ப்பது, எங்கே நிறுத்துவது, எது எதோடு ஒட்டாது என்று தெரிவதுதானே படிப்பு? நமக்கு லேத்தும் மில்லிங்கும் கியரும் சொல்லிக் கொடுக்கிறார்கள், நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். கல்லூரி மாடியில் நின்றால் கடல் தெரிகிறது. அந்தக் கடலில் போகும் போட்டு எதனால் செய்தது என்று ஒரு பாடத்திலும் பெரிதாக வருவதில்லை. பிளாஸ்டிக்குக்கென்றே 1968-லிருந்து கிண்டியில் சிபெட் நிறுவனம் இருக்கிறது. எல்லோரும் அங்கே போய்ப் படிக்க முடியுமா?

அதனால் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் சேவைத் திட்ட முகாமில் குளம் தூர் வாருகிறோம், பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். இந்த வருஷம் மூன்று நாள் எங்கள் கரைக்கு வாருங்கள். பத்து போட்டு போதும். முதல் நாள் கழுவுவது, இரண்டாம் நாள் காம்பவுண்ட், மூன்றாம் நாள் மெழுகு. போட்டுக்காரர்களும் கூட நின்று செய்ய வேண்டும், நாம் செய்து கொடுத்துவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை. கெமிஸ்ட்ரி சார் வந்தால் ஆக்சாலிக் ஆசிடை அவர் கையால் கலந்து கொடுக்கட்டும். கழுவுகிற தண்ணீர் கடலுக்கு ஓடாதபடி மேட்டு மணலில் வைத்துச் செய்யலாம், இடம் நான் காட்டுகிறேன். மோட்டார் இருக்கிற வீட்டில் தண்ணீருக்குச் சொல்லிவிட்டேன். சாப்பாடு எங்கள் ஊர்ப் பொறுப்பு, மீனுக்குக் குறைவிருக்காது.

வருகிறவர்கள் பழைய காட்டன் வேட்டியோ பனியனோ கொண்டு வாருங்கள். நைலானும் டெரிகாட்டனும் வேண்டாம், கீறல் விழும். முழுக்கைச் சட்டை அவசியம். அப்பா சம்மதித்துவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: எங்கள் போட்டின் வலது பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கணுமாம்.